நிக்கலின் தோல்

என்னிடம் யார் எதைக் கேட்டாலும் ஒரு நக்கல் பதில் தயாராக இருக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் பூமியிலேயே இருந்திருக்கலாம். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, வெள்ளிக் கிரகத்து மேகங்களுக்கு நடுவே தூக்கிக்கொண்டு போனேன்.

நாங்கள் மூன்று பேர். நான் கொம்பையா, அரிமானப் பொறியாளர். உலோகம் எப்படி அரித்துப்போகிறது, அதை எப்படி அரிக்காமல் காப்பது என்பதுதான் என் படிப்பு. என் மனைவி ஆவுடை சமையலையும் செடிகளையும் மருந்துப் பெட்டியையும் பார்த்துக்கொண்டாள். அவளுடைய தம்பி இசக்கிதுரை மெக்கானிக். தூத்துக்குடியில் விசைப்படகு இஞ்சின்களைப் பிரித்து மாட்டிப் பழகியவன். தாய் இல்லாத பிள்ளையை ஆவுடைதான் வளர்த்தாள். அவனுக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம்.

இப்படி உறவுக்காரர்களாகப் பொறுக்கி அனுப்புவது அப்போது புது ஏற்பாடு. முன்பின் தெரியாதவர்களை அனுப்பினால் இரண்டாம் வருஷமே ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம். சொந்தக்காரர்கள் எவ்வளவு சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்றாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று எவரோ ஆராய்ந்து சொல்லியிருந்தார். மேகங்களில் ஐந்து தளங்கள் மிதந்தன. ஐந்திலும் குடும்பங்கள்தான். எங்களுடையது இரண்டாம் தளம்.

தளம் ஒரு பெரிய பலூனில் தொங்கியது. அந்த உயரத்தில் சூடு நம் ஊர்ச் சித்திரை மாதத்தை விட அதிகமில்லை. வெளியே இருக்கும் மேகம்தான் ஆளைக் கொல்லும். அதன் ஒவ்வொரு துளியும் கந்தக அமிலம். அந்தத் துளிகளை வலை விரித்துப் பிடித்து, தொட்டியில் சேர்த்து, சூடாக்கித் தண்ணீரைப் பிரித்தெடுப்போம். குடிக்கிற தண்ணீரும் மூச்சுக் காற்றும் அந்தத் தொட்டியிலிருந்துதான் வந்தன. தொட்டிகள் இரண்டு. இரண்டின் உள்சுவரும் நிக்கல் தகடு. கனமான தகட்டைப் பலூன் தாங்காது என்பதால் கல்யாணப் பத்திரிகை அட்டையின் தடிமன்தான். அந்த அட்டை கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

வந்த புதிதில் இசக்கி என்னிடம் கேட்டான்.

"அத்தான், எனக்கு ஒண்ணு வெளங்கல. கரண்ட் குடுத்தா உலோகம் கரையும்னு ஐ.டி.ஐ.ல சொல்லிக் குடுத்தாங்க. நீங்க கரையாம இருக்கதுக்குல்லா கரண்ட் குடுக்கிய?"

"கொஞ்சமா குடுத்தா கரையும்ல. நிக்கல் சும்மா கெடந்தாலே அமிலத்துல மெல்லக் கரையும். வோல்ட்டேஜக் கொஞ்சம் கூட்டினா இன்னும் வேகமாக் கரையும். அதுக்கும் மேல கூட்டிப் பாரு, பட்டுன்னு நின்னுரும். மேல ஒரு தோல் கட்டிக்கிடும். கண்ணுக்குத் தெரியாது, அம்புட்டு மெலிசு. அந்தத் தோல் இருக்க வரைக்கும் அமிலம் ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப எங்கக்கா மாதிரி. கொஞ்சம் ஏசினா அழுவா. ரொம்ப ஏசினா மூஞ்சிய மூடிக்கிட்டு வாயே தொறக்க மாட்டா."

"அதேதான். அதனாலதான் உங்கக்காவ நான் எப்பவும் ரொம்பவே ஏசுறது."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆவுடை அடுத்த அறையில் கீரைத் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும்.

"அந்தத் தோல் கிழிஞ்சா என்ன செய்ய அத்தான்?"

"கிழியாதுல. வோல்ட்டேஜ் எறங்கினாத்தான் போவும். எறங்காமப் பாத்துக்கிடத்தான நான் இருக்கேன்."

இது முழு உண்மையில்லை. அந்தத் தோலைத் துளைக்கக்கூடியது ஒன்று உண்டு. அதன் பெயர் குளோரைடு. அது இருந்துவிட்டால் கணக்கெல்லாம் தலைகீழ்: வோல்ட்டேஜைக் கூட்டக் கூட்டத் துளை ஆழமாகும், இறக்கினால்தான் ஆறும். மேகத்தில் அது இருக்கிற அளவு ஒன்றுமே இல்லை. அதனால் அவனிடம் சொல்லவில்லை. வாராவாரம் அமிலத்தில் குளோரைடு எவ்வளவு என்று சோதிக்க வேண்டும் என்பது விதி. முதல் மாதம் முழுக்கச் சோதித்தேன், முழுக்கச் சுழியம். மருந்தை வீணாக்குவானேன் என்று அதோடு நிறுத்திவிட்டேன்.

உடுதுணி போக, சொந்தச் சாமான் ஆளுக்கு ஐந்து கிலோ கொண்டுவரலாம் என்று அனுமதி. நான் புத்தகங்கள் கொண்டுவந்தேன். இசக்கி ஒரு கேரம் பலகையைப் பாதியாக அறுத்துக் கொண்டுவந்தான். ஆவுடை ஐந்து கிலோவும் கல்லுப்பு கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா வேலை பார்த்த உப்பளத்து உப்பு.

"வெள்ளிக் கிரகத்துல ஊறுகாக் கம்பெனி வைக்கப் போறியா?" என்று கேட்டேன்.

எதற்கென்று சீக்கிரமே தெரிந்தது. ஞாயிறுதோறும் பூமிக்கு எங்கள் தளத்திலிருந்து ஒரு மணி நேர ஒளிபரப்பு உண்டு. அதில் இசக்கிதான் கதாநாயகன். வலைக்கயிறை இழுத்துக்கொண்டே "இன்னைக்கு என்ன மீன் பட்டிருக்குன்னு பாப்போம்" என்று ஆரம்பிப்பான். ஆறடி உயரம், சிரித்தால் கன்னத்தில் குழி. கோடிப் பேர் பார்த்தார்கள். ராசா மாதிரி இருக்கான், யார் பெற்ற பிள்ளையோ என்று எழுதி அனுப்பினார்கள். அதையெல்லாம் படிக்கப் படிக்க, தம்பிக்குக் கண்பட்டுவிடும் என்று ஆவுடை பயந்தாள். முதல் மாதமே ஒரு ஞாயிறன்று தம்பியை உட்கார வைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி, அடுப்புத் தட்டில் போட்டுவிட்டாள். நெருப்பே கூடாத இடம். புகை கிளம்பியதும் மணி அலறி, காற்றுக் குழாய்கள் எல்லாம் மூடிக்கொண்டு, நாங்கள் மூன்று பேரும் இரண்டு மணி நேரம் முகமூடி மாட்டி உட்கார்ந்திருந்தோம்.

நான் அதை விடவில்லை. ஒளிபரப்பில் சொன்னேன். மற்றத் தளங்களுக்குச் சொன்னேன். பூமியில் இருக்கும் என் அண்ணனுக்குச் சொன்னேன். திருஷ்டி கழிக்கப் போய் எங்கள் மூச்சையே கழிக்கப் பார்த்தாள் என்று ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "அவளப் போட்டுப் பாடாப் படுத்தாதிய அத்தான்" என்று இசக்கிகூட ஒருநாள் சொன்னான். அதற்குப் பிறகு அவள் சுற்றிப்போட்டு நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஒளிபரப்பில் எனக்கும் ஐந்து நிமிடம் உண்டு. யாராவது தொட்டியைப் பற்றிக் கேட்பார்கள். "அது எதைப் போட்டாலும் தின்னுட்டு ஏப்பம் விடும்" என்பேன். அந்த வரிக்கு எப்போதும் கைதட்டல் வரும்.

மூன்றாம் வருஷம் இசக்கி ஒருநாள் டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அத்தான், தண்ணி லேசாப் புளிக்குது."

"வாயக் கழுவிட்டுக் குடி."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அன்றைக்கு நான் ஒரு சொட்டு எடுத்துச் சோதித்திருந்தால் போதும். உப்பும் கந்தக அமிலமும் சூட்டில் சேர்ந்தால் இன்னொரு அமிலம் ஆவியாகித் தண்ணீரோடு வரும் என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்.

நான்காம் வருஷம், முதல் தொட்டியின் மின்னோட்டம் ஏற ஆரம்பித்தது. தோல் நன்றாக இருந்தால் ஓட்டம் மிகக் குறைவாக, அசையாமல் நிற்க வேண்டும். ஏறுகிறது என்றால் எங்கேயோ உலோகம் கரைகிறது. தோல் தளர்கிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் இறுகிவிடும் என்று பாடப் புத்தகம் சொன்னபடி வோல்ட்டேஜைக் கூட்டினேன். ஓட்டம் இன்னும் ஏறியது. மறுபடி கூட்டினேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

இசக்கி என் தோளுக்குப் பின்னால் நின்று மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், நீங்க கூட்டக் கூட்ட அதுவும் ஏறிக்கிட்டுல்லா போவுது. ஒரு தடவ எறக்கிப் பாத்தா என்ன?"

"எறக்குனா தோல் போயிரும்ல. இது என்ன போட் இஞ்சினா, சூடாச்சுன்னா ஆக்சிலேட்டரக் கொறைக்க?"

"இல்ல, சும்மா ஒரு ரெண்டு நிமிசம்..."

"நீ போய் வலையப் பாருல. இத நான் பாத்துக்கிடுதேன்."

போனான். அவன் அப்படி மூஞ்சி சுருங்கிப் போனதை நான் கவனித்தேன். கவனித்தும் கூப்பிடவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலையில், தொட்டிக்கு அடித்தட்டில் ஈரம் என்று விளக்கு எரிந்தது. ஆவுடை தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கி இரண்டாவது தோசையில் இருந்தான்.

"ஏல, போய் ஒரு பார்வை பாத்துட்டு வா. தண்ணிக் குழாயாத்தான் இருக்கும்."

நான் தண்ணீர்க் குழாய் என்று சொன்னதால் அவன் முகக்கவசத்தை எடுக்கவில்லை. அது ஆணியிலேயே தொங்கியது. அவன் அடித்தட்டில் குனிந்தபோதுதான் தகடு கிழிந்தது. அமிலத்தைக் கண்டதும் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். தளம் முழுவதும் சாகாமல் இருக்க அப்படி அமைத்திருந்தார்கள். பெரிய வால்வு உள்ளே இருந்தது. அதை மூடாவிட்டால் இரண்டாம் தொட்டியும் சேர்ந்து காலியாகும். அவன் தடவிப்போய் அந்த வால்வை முழுக்கச் சுற்றி மூடிவிட்டுத்தான் விழுந்தான். நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் பக்கத்தில் ஆவுடை கையில் தோசைக் கரண்டியோடு நின்றாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு முடியாது.

அங்கே மண் இல்லை, நெருப்பு கூடாது. இசக்கியை ஆவுடையின் கல்யாணப் புடவையில் சுற்றி, வெளிக்கதவு வழியாக மேகத்தில் விட்டோம். மஞ்சள் புகைக்குள் கொஞ்ச தூரம் வரை தெரிந்தான்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தகட்டைக் கழற்றினேன். எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். தகடு பளபளவென்று புதிதாக இருந்தது. அதில் ஊசி முனை அளவுக்கு முப்பது நாற்பது துளைகள் மட்டும். வெட்டிப் பார்த்தால் உள்ளே குடைந்து பெரிதாகியிருந்தது, வண்டு துளைத்த அரிசி போல. இந்தத் துளையைப் போடுவது ஒன்றே ஒன்றுதான். சில்வர் நைட்ரேட் குப்பியைத் தேடி எடுத்து அமிலத்தில் ஒரு சொட்டு விட்டேன். பால் திரிந்தது போல வெள்ளையாகத் திரண்டது. குளோரைடு. இரண்டாம் தொட்டியிலும் விட்டேன். அங்கேயும் வெள்ளை.

இரண்டாம் தொட்டியின் ஓட்டமும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. நான் அதன் வோல்ட்டேஜை இறக்கினேன். தோல் கட்டுகிற எல்லைக்குள்ளேயே வைத்து, கொஞ்சம்போல. முள் இறங்க ஆரம்பித்தது. சரியாக இரண்டு நிமிடத்தில் அடங்கி நின்றுவிட்டது. 'சும்மா ஒரு ரெண்டு நிமிசம்' என்று அவன் கேட்டது ஞாபகம் வந்தது. அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஆனால் அழுதுவிட்டால் மனிதன் திருந்திவிடுகிறான் என்று இல்லை. விசாரணைக் குழுவின் தலைவர் ரஹ்மத் பேகம் பூமியிலிருந்து பேசினார். செய்தி போய்ச் சேர ஒன்பது நிமிடம், பதில் வர ஒன்பது நிமிடம்.

"கொம்பையா சார், குளோரைடு எங்கிருந்து வந்துச்சு? அதான் எனக்குத் தெரியணும். மேகத்துல இல்ல. மத்த நாலு தளத்துக்கும் நான் பதில் சொல்லணும்."

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. இசக்கி பற்சக்கரங்களைக் கழுவ ஒரு திரவம் வைத்திருந்தான். அதன் டப்பாவில் குளோரின் என்று ஒரு சொல் இருந்தது. அந்தக் கழிவைத் தொட்டியில் கொட்டியிருக்கலாம் என்று எழுதி அனுப்பினேன். இறந்தவன் மறுத்துப் பேசப்போவதில்லை அல்லவா? ரஹ்மத் பேகம் நன்றி சொன்னார். மற்றத் தளங்களில் அந்தத் திரவமே இல்லை, அதனால் அவர்களுக்கு ஆபத்தில்லை என்று முடிவு செய்தார்கள்.

அறிக்கையை ஆவுடை படித்தாள். "அவன் அப்படிக் கொட்டுற பிள்ள இல்லயே" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கடுத்த ஞாயிறு. ஒளிபரப்பு நின்றுபோயிருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணை மூடிக் கிடந்தேன். தலைக்கு மேலே வளையல் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கை ஒன்று என் தலையை மூன்று தரம் சுற்றியது. "எந்தக் கண்ணும் படக்கூடாது" என்று அவள் மூச்சுக்குள்ளேயே சொன்னாள். பிறகு மெல்ல நடந்து போனாள். எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பாவம், இருக்கிற ஒருவனையாவது காப்பாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் சமையலறைக்குப் போகவில்லை. தொட்டி அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து பின்னால் போனேன். இரண்டாம் தொட்டியின் மேல், மாதிரி எடுக்கிற சின்ன மூடியைத் திருகித் திறந்தாள். கையிலிருந்த உப்பை உள்ளே போட்டாள். மூடியைத் திருகி, அதை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். அவளுடைய பெட்டியைத் திறந்து உப்புப் பையைத் தூக்கிப் பார்த்தேன். கையில் கனமே இல்லை. ஐந்து கிலோவில் அரைக் கிலோகூட மிச்சமில்லை.

அவளிடம் சொல்ல வேண்டுமா? வளர்த்த தம்பியைக் கண்ணேறு தொடாமல் காக்கப் போட்ட உப்புதான் அவனைக் கொன்றது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். உப்பை ஒளித்து வைத்துவிடலாம். இசக்கியின் திரவம் என்று எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். உண்மையைச் சொன்னால், அப்படி முடிவு செய்ததில் எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் ரஹ்மத் பேகத்தின் குரல் வந்தது. முன்பு மாதிரி நிதானம் அதில் இல்லை.

"சார், மூணாம் தளத்துலயும் ஓட்டம் ஏறுதாம். அவங்ககிட்ட அந்தத் திரவம் கிடையாது. தோல் தளருதுன்னு வோல்ட்டேஜக் கூட்டிக்கிட்டே இருக்காங்க. கூட்டணுமா, எறக்கணுமா? தப்பா எறக்கினா தொட்டியே கரைஞ்சிரும்னு பயப்படுறாங்க. அங்க ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு. உங்க அறிக்கை சரிதானான்னு இன்னொரு தரம் பாத்துச் சொல்லுங்க."

நான் எழுந்து ஆவுடையிடம் போனேன். அவள் கீரைத் தட்டுகளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன். உன்மேல் தப்பில்லை, நீ அறியாமல் செய்தாய், நான் உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன் என்று. பெரிய மனது பண்ணி மன்னிப்பதாக எனக்குள் ஒரு நினைப்பு.

"ஏளா, ஒண்ணு சொல்லணும். தொட்டில ஓட்ட விழுந்ததுக்குக் காரணம் உப்பு. அதுல இருக்கது குளோரைடு. நிக்கல் மேல கட்டுன தோல அது தொளைச்சிரும்."

அவள் கை கீரையிலேயே நின்றது.

"உப்பா?"

"ஆமா."

"நான் போட்ட உப்பா?"

"நீ தெரிஞ்சா செஞ்ச? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தேன்னா..."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"கேட்டேன்லா" என்றாள்.

"எப்ப?"

"வந்த வருசம். மணி அடிச்சு நீங்க எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிச்சு முடிச்சதுக்கு அப்புறம். நெருப்புல போடக்கூடாதுன்னா எதுலதான் போடன்னு யோசிச்சேன். கால்படுற எடத்துல கொட்டக்கூடாது. இங்க நெருப்பு மாதிரி இருக்கது அந்தத் தொட்டிதான்னு தோணுச்சு. நீங்க மேசைல கோடு போட்டுக்கிட்டு இருந்திய. அந்தத் தொட்டில கொஞ்சம் உப்பு விழுந்தா ஒண்ணும் ஆகாதுல்லான்னு கேட்டேன். இசக்கியும் பக்கத்துல கேரம் ஆடிக்கிட்டு இருந்தான்."

எனக்கு எதுவும் ஞாபகமில்லை. "நான் என்ன சொன்னேன்?"

"தல நிமிரல நீங்க. 'உப்பென்னளா, உன் தம்பியத் தூக்கிப் போட்டாலும் தின்னுட்டு ஏப்பம் விடும்'னிய."

அப்போது ஞாபகம் வந்தது. கேள்வி வரவில்லை, என் பதில் மட்டும் வந்தது. இசக்கி "ஏன் அத்தான், நான் என்ன செஞ்சேன்" என்று சிரித்ததும், கேரம் காய் ஒன்று உருண்டு என் காலடியில் வந்து நின்றதும், நல்ல வரி, இதை ஒளிபரப்பில் சொல்லலாம் என்று நான் நினைத்துக்கொண்டதும் வந்தது. அந்த வரியில் தம்பியை எடுத்துவிட்டு மீதியைத்தான் கோடிப் பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது என் காதில் விழுந்திருந்தால், அதில் 'உப்பு' என்ற ஒரு சொல் விழுந்திருந்தால், நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்திருப்பேன்.

"மூணாம் தளத்துப் பவளக்கொடி அக்காகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள் ஆவுடை. "அவங்களும் பிள்ளையளுக்குச் சுத்தி எங்க போடன்னு கேட்டாங்க. இவுக தொட்டில போடலாம்னு சொல்லிட்டாவ, படிச்சவுக சொன்னா சரியா இருக்கும்னு சொன்னேன்."

நான் ஓடினேன். மூன்றாம் தளத்துக்கு நேராகவே பேசினேன்: உப்பு போடுவதை நிறுத்துங்கள், வோல்ட்டேஜை இறக்குங்கள், எந்த அளவுக்கு என்று இதோ. அரை மணி நேரம் பதில் இல்லை. ஆவுடை என் பின்னால் வந்து நின்றாள். அவள் கையில் கீரைத் தழை அப்படியே இருந்தது. பிறகு பதில் வந்தது. முள் இறங்குகிறது என்றார்கள். பிள்ளைகள் ஏதோ கத்தி விளையாடுகிற சத்தம் அதில் சேர்ந்து கேட்டது. ஆவுடை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலையே அறிக்கையைத் திருத்தி எழுதினேன். குளோரைடு வந்த வழி, கல்லுப்பு. உப்பைப் போட்டவர் முன்கூட்டியே பொறியாளரிடம் கேட்டார், பொறியாளர் அனுமதித்தார். வாராந்தரச் சோதனையை நிறுத்தியவரும் பொறியாளரே. வோல்ட்டேஜை இறக்கிப் பார்க்கலாம் என்று மெக்கானிக் இசக்கிதுரை சொன்னார். அது சரியான யோசனை. அவருடைய திரவத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பதினெட்டு நிமிடம் கழித்து ரஹ்மத் பேகத்தின் பதில் வந்தது. எழுத்தில்தான் வந்தது.

"அனுமதி வாய்மொழியாகக் கொடுக்கப்பட்டிருந்தால், சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதவும். படிவத்தில் அதற்கு இடம் உண்டு."

வேறு மாதிரி எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆவுடை பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று ஞாயிறு இல்லை, ஆனாலும் அவள் கை மடியில் இறுக மூடியிருந்தது. அதில் ஒன்றும் இல்லை. நான் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். 'உப்பென்னளா, உன் தம்பியத் தூக்கிப் போட்டாலும் தின்னுட்டு ஏப்பம் விடும்.'

அவள் திரையைப் படித்தாள்.

"சிரிச்சிய" என்றாள். "அதையும் எழுதுங்க."

எழுதினேன்.